ஸ்கீக்குச் சொல்ல வேண்டிய வயது

எனக்கு இரண்டு வயதுகள். ஒன்று பாஸ்போர்ட்டில் இருக்கிறது, மற்றது உடம்பில் இருக்கிறது. இரண்டும் ஒன்றையொன்று சந்திக்காமல் முப்பது வருடம் பார்த்துக்கொண்டேன். வங்கி, வைத்தியசாலை, வரிக் கந்தோர், டிரைவிங் லைசன்ஸ், கலியாணப் பதிவு, எல்லா இடத்திலும் பாஸ்போர்ட் வயதுதான். அவ்வளவு பெரிய இடங்களையெல்லாம் தாண்டி வந்தவன், கடைசியில், காலில் மாட்டிப் பனியில் சறுக்குகிற ஒரு சோடி ஸ்கீயிடம் போய் மாட்டுப்பட்டேன்.

இருபத்துமூன்று வயதில் சுவிஸுக்கு வந்தேன். கூட்டிவந்த ஏஜென்ட் எல்லை வருவதற்கு முன் ஒரு பெற்றோல் நிலையக் கழிப்பறையில் வைத்து என் மீசையை வழிக்கச் சொன்னான். "கேட்டால் பதினாறு எண்டு சொல்லும். பதினெட்டுக்குக் கீழ எண்டால் திருப்பி அனுப்பமாட்டாங்கள்" என்றான். அவன் தந்த பாஸ்போர்ட்டும் அதைத்தான் சொன்னது. மார்கழி மாதம் பிறந்த பதினாறு வயதுப் பெடியன். நான் பங்குனியில் பிறந்தவன். அப்போது எலும்பும் தோலுமாக இருந்ததால் அதிகாரி என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு எழுதிக்கொண்டார். அந்தத் தேதி அதோடு என் கழுத்தில் விழுந்தது. திருத்தப் போனால் விசாவே போய்விடும் என்று முதலில் பயம். பயம் போன பிறகு வெட்கம் வந்தது. யாராவது வயது கேட்டால் வாய் தன்பாட்டில் பாஸ்போர்ட் வயதைச் சொல்லும். உண்மை வயது எப்போதாவது தேவைப்பட்டால் மனதுக்குள் ஆறைக் கூட்டிக்கொள்வேன்.

பதினாறு என்றதால் என்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள். மாசி மாதத்தில் வகுப்பு முழுவதையும் ஒரு கிழமை மலைக்குக் கூட்டிக்கொண்டுபோய் ஸ்கீ பழக்குவது அங்கே வழக்கம். என்னையும் பஸ்ஸில் ஏற்றினார்கள். முகத்தில் பரு மாறாத பிள்ளைகளுக்கு நடுவில், இரவல் சப்பாத்துப் போட்டுக்கொண்டு, இருபத்துமூன்று வயதுக்காரன் நான். முதல் நாள் விழுந்ததற்குக் கணக்கில்லை. மூன்றாம் நாள் மேலிருந்து கீழ் வரைக்கும் விழாமல் ஓடினேன். ஊரில் சென்றிக்குச் சென்றி, ஆமிக்காரரின் ஒவ்வொரு காவலரணிலும் இறங்கி நடந்து, அடையாள அட்டையைக் காட்டிக் காட்டி வந்தவனுக்கு, ஒருவரும் மறிக்காமல் அவ்வளவு தூரம் போகலாம் என்பதை நம்பவே முடியவில்லை. கீழே வந்து நின்று அழுதேன். வாத்தியார் என்னவென்று கேட்டார். குளிர் என்று சொல்லிச் சமாளித்தேன்.

அன்றிலிருந்து ஸ்கீயை விடவில்லை. பொய் வயது எனக்குத் தந்த ஒரே நல்ல சாமான் அது.

கலியாணம் பேசியபோது அம்மா ஊரில் இருந்தார். பெண்வீட்டார் சாதகம் கேட்கிறார்கள் என்றார். "பாஸ்போர்ட் தேதிக்கு ஒண்டு எழுதுவிச்சுக் குடுங்கோ அம்மா, இல்லையெண்டால் பொம்பிளையை இஞ்ச கூப்பிடுற ஸ்பொன்சரில பிழை வந்திடும்" என்று போனில் சொன்னேன். அம்மா நான் சொல்லி முடிக்கும் வரைக்கும் கேட்டார். பிறகு, "ஓம், நான் பாக்கிறன்" என்றார். அம்மா பார்த்துவிட்டார் என்று நான் நிம்மதியாக இருந்தேன். மனைவி வந்து சேர்ந்தாள். அவளுக்கு இருபத்துநாலு, எனக்குக் கடதாசியில் இருபத்தைந்து. சில வருடம் சுவிஸில் இருந்துவிட்டு லண்டனுக்கு வந்தோம், ரெய்னர்ஸ் லேனில் வீடு எடுத்தோம். அம்மாவும் ஊரில் கண்ணை மூடிவிட்டார். உண்மை தெரிந்தவர் என்று இனி யாரும் இல்லை என்று நினைத்தேன்.

தலை மட்டும் சொல்வழி கேட்கவில்லை. வேளைக்கே நரைத்துவிட்டது. "உங்கட மனிசனுக்கு என்ன, இப்பவே இப்பிடி?" என்று சொந்தக்காரர் கேட்டால் மனைவி, "லண்டன் தண்ணி, எல்லாம் சுண்ணாம்பு" என்று சொல்லிவிட்டுத் தேநீர் ஊற்றுவாள். நல்லகாலம், ஒன்றும் அறியாத வெகுளி எனக்கு வாய்த்திருக்கிறாள் என்று நினைத்துக்கொள்வேன். அவளிடம் இருந்த விசித்திரம் ஒன்றுதான். ஒவ்வொரு பங்குனியிலும் ஒரு நாள், வேலைநாள் என்றாலும் லீவு போட்டுவிட்டு, தனியாக ஆர்ச்வேயில் உள்ள கோயிலுக்குப் போய், முருகனுக்கு அர்ச்சனை செய்துவிட்டு வருவாள். உத்தரமும் இல்லை, வெள்ளிக்கிழமையும் இல்லை. ஏன் என்று கேட்டால், "ஒரு நேத்தி" என்பாள். பெண்களுடைய நேர்த்திக்கடனில் நான் தலையிடுவதில்லை.

பிறந்தநாள் வீட்டில் மார்கழியில் நடக்கும். கேக்கில் நாற்பத்துநாலு என்று மெழுகுதிரி குத்திய வருடம், நான் ஊதினேன், எல்லோரும் கை தட்டினார்கள். அடுத்த நாள் ஈஸ்ட் ஹாமில் ஒரு வேலை. இரண்டு மட்டன் ரோல்ஸ் வாங்கி என் வான் வண்டிக்குள் இருந்தபடி தனியாகத் தின்றேன். ஆறைக் கூட்டினால் அது என் ஐம்பதாவது.

நான் கிச்சன் பொருத்துகிறவன். அலுமாரி, வேர்க்டொப் என்கிற மேடைப் பலகை, சிங்க், எல்லாம். நாளில் பாதி முழங்காலில் நிற்கிற வேலை. நாலு வருடத்துக்கு முன் ஒரு வேர்க்டொப்பைப் படியில் இறக்கும்போது இடது முழங்கால் திரும்பி, உள்ளே ஒரு சவ்வு கிழிந்துவிட்டது. நோ மாறுவதற்கு ஒரு வருடம் பிடித்தது. இன்னொரு முறை அப்படி முறுகினால் முழங்காலில் நிற்கிற தொழிலை மறந்துவிடு என்று டாக்டர் முகத்துக்கு நேரே சொன்னார். எனக்கு வேறு தொழில் தெரியாது. பென்ஷனும் பாஸ்போர்ட்டைப் பார்த்துத்தான் வரும், ஆறு வருடம் பிந்தி. அதுவரைக்கும் இந்த முழங்கால்தான் எங்கள் வீட்டை ஓட்ட வேண்டும்.

இவ்வளவும் தெரிந்துகொண்டு ஸ்கீ எதற்கு என்று கேட்பீர்கள். வருடத்தில் ஒரு கிழமை, அவ்வளவுதான். போன வருடம் பழைய ஸ்கீயைச் சரிபார்க்கக் கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் அதில் இருந்த பிடியைப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துவிட்டார். சப்பாத்தை ஸ்கீயோடு பிடித்து வைத்திருப்பது அந்தப் பிடிதான். விழும்போது அது கழன்று காலை விட வேண்டும், கழலாவிட்டால் ஸ்கீயோடு சேர்ந்து முழங்காலும் திரும்பும். இவ்வளவு பழையதை யாரும் தொடமாட்டார்கள், சுவரில் மாட்டுங்கள் என்றார். எனக்குக் கொதி வந்தது. அவர் சொன்னது சரி என்றதால் இன்னும் கூட வந்தது.

வீட்டில் வந்து சொன்னேன். மனைவி வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"புதுசு எடுங்கோ. ஆனா நானும் வருவன்" என்றாள்.

"உமக்கு ஸ்கீயைப் பற்றி என்ன தெரியும்?"

"ஸ்கீயைப் பற்றி ஒண்டும் தெரியாது. உங்களைப் பற்றிக் கொஞ்சம் தெரியும்."

நான் அதைப் பகிடி என்று எடுத்துக்கொண்டேன்.

அந்த நாட்களில் நான் கிச்சன் போட்டுக்கொடுத்த ஒரு வீட்டில், வரவேற்பு ஹோல் சுவரில் ஒரு சோடி ஸ்கீ சாய்த்து வைத்திருந்தது. மேல்பக்கம் படமோ எழுத்தோ இல்லை, மரம் அப்படியே தெரிந்தது. ஆஷ் மரம், நரம்பு ஓடுகிற நேர்த்தியைப் பார்த்தாலே எனக்குத் தெரியும். கையால் தடவாமல் இருக்க முடியவில்லை. யார் செய்தது என்று கேட்டேன். கிழக்கு லண்டனில் ரயில் பாலத்துக்குக் கீழே அக்காவும் தம்பியுமாக இரண்டு பேர் செய்கிறார்கள் என்றார் வீட்டுக்கார அம்மா. லண்டனிலா என்று திரும்பக் கேட்டேன். மலையும் இல்லை, பனியும் இல்லை, இங்கே இருந்துகொண்டு ஸ்கீ செய்கிறார்களாம்.

ஒரு சனிக்கிழமை போனோம். ஒரு பக்கம் கார் திருத்துகிற இடம், மறுபக்கம் பாண் சுடுகிற பேக்கரி, நடுவில் பாலத்து வளைவுக்குள் இவர்களுடைய பட்டறை. மேலே ரயில் போகும்போது தேநீர்க் கோப்பை ஆடியது. உள்ளே போய்ச் சுற்றிப் பார்த்தேன். என் வேலைக் கொட்டிலில் இருக்கிற சாமான்கள்தான் அங்கேயும் இருந்தன. அதே கிளாம்ப், அதே ரம்பம், அதே பசை மணம். ஆஷ் மரத்தையும் பொப்லர் மரத்தையும் மெல்லிய கீற்றாக வெட்டி, ஒட்டி, சீவி எடுத்து, மேலும் கீழும் கண்ணாடி நார் வைத்து, இரும்பு விளிம்பு வைத்து, பெரிய இரும்புச் சட்டத்துக்குள் படுக்க வைக்கிறார்கள். அழுத்துவது எதனால் தெரியுமா? தீயணைக்கிறவர்களின் தண்ணீர்க் குழாய். அதற்குள் காற்றை அடிக்க, அது ஊதிக்கொண்டு ஸ்கீயை நசுக்குகிறது. நான் முழங்கால் நோவையும் மறந்து குந்தியிருந்து பார்த்தேன்.

"வீட்டில ஒருநாளும் உப்பிடிக் குந்தியிருந்து ஒண்டையும் பாத்ததில்லை" என்றாள் மனைவி.

ஸ்கீ செய்கிற பெண்ணுக்கு முப்பத்தைந்து இருக்கும். விரல் நகமெல்லாம் பசை. முன்பு மேசை, கதிரை செய்தவளாம். நான் என்ன மாதிரி ஓடுவேன் என்று விவரமாகக் கேட்டாள். பனியை அமத்திச் சீராக்கிய பாதையிலும் ஓடுவேன், இரவு புதுப் பனி விழுந்தால் பாதையை விட்டு வெளியேயும் போவேன் என்றேன். அப்படியானால் மலையின் எல்லா இடத்துக்கும் பொதுவான ஸ்கீதான் உங்களுக்கு வேண்டும், அதில் மூன்று அகலம் வைத்திருக்கிறோம் என்றாள். ஒடுக்கமானது கெட்டிப் பனியைக் கடித்துப் பிடிக்கும், புதுப் பனியில் தாழும். அகலமானது புதுப் பனியில் மிதக்கும், கெட்டியில் திரும்பப் பஞ்சிப்பட்டுப் பிந்தும். நடுவில் ஒன்று இருந்தது. ஓடிப் பார்க்காமல் நாங்கள் ஒருவருக்கும் விற்பதில்லை, அடுத்த மாதம் மூன்றையும் பனிக் கொட்டகைக்குக் கொண்டுவருகிறோம், அங்கே வாருங்கள் என்றாள். லண்டனுக்கு வடக்கே, மோட்டார்வேயால் முக்கால் மணி நேரத்தில், கூரைக்குள் பனி கொட்டி வைத்திருக்கிற ஒரு சரிவு இருக்கிறது. நான் ஆசைக்கு அங்கே போவதுண்டு.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அப்போது தம்பிக்காரன் பிடியைக் கையில் எடுத்து விளக்கத் தொடங்கினான். உள்ளே ஒரு சுருள்வில் இருக்கிறதாம். அதை எவ்வளவு இறுக்குவது என்பதைக் கண்பார்வையில் செய்ய மாட்டார்களாம், அட்டவணை இருக்கிறதாம். உயரம், நிறை, சப்பாத்தின் நீளம், ஓடுகிற வேகம்.

"பிறகு வயது" என்றான். "ஐம்பது தாண்டினால் ஒரு படி இறக்குவோம். எலும்பும் சவ்வும் முன்னைப்போலத் தாங்காது, அதனால் வேளைக்கே கழல விடுவோம்."

சுவிஸ் போலீஸ் கேட்காத மாதிரி ஒரு கேள்வி, ரயில் பாலத்துக்குக் கீழே நிற்கிற ஒரு தாடிக்காரப் பெடியனிடமிருந்து வருகிறது. மற்ற எல்லோரும் வயதைக் கேட்டது எழுதி வைப்பதற்கு. இவன் கேட்டது முழங்காலுக்காக. பக்கத்தில் மனைவி நிற்கிறாள். அவள் ஒரு கட்டை ஆஷ் மரத்தை எடுத்து மூக்கில் வைத்து மணந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த மாதம் முழுக்க எனக்கு நித்திரை சரியில்லை. பேசாமல் அவளிடம் சொல்லிவிடலாம் என்று பத்துத் தரம் வாய் எடுத்தேன். எப்படிச் சொல்வது? இருபத்தொரு வருடம் ஒரே பாயில் படுத்தவளிடம், நான் நீ கட்டிய ஆள் இல்லை, ஆறு வயது கூடியவன், சாதகமும் பொய், அதைப் பொய்யாக எழுதச் சொன்னதும் நான்தான் என்றா? எங்கள் சனத்துக்குச் சாதகத்தில் செய்கிற பொய்தான் பெரிய பொய். சீதனத்தில் சுத்துமாத்துச் செய்தாலும் மன்னிப்பார்கள். அவள் எழும்பிப் போய்விடுவாள் என்று பயந்தேன். உண்மையாகவே பயந்தேன்.

ஐப்பசியில் அந்த நாள் வந்தது. கொட்டகைக்குள் குளிர் எலும்புக்குள் இறங்கியது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் தேநீர்க் கடையும் மேசைகளும், அந்தப் பக்கம் வெள்ளைச் சரிவு. கண்ணாடியோரம் அக்காவும் தம்பியும் ஒரு மேசை போட்டு ஸ்கீகளை நிறுத்தியிருந்தார்கள். தம்பி ஒரு படிவத்தைத் தந்தான். நிறை எழுபத்தாறு, உண்மை. உயரம், உண்மை. ஓடும் வகைக்கு மூன்று கட்டம் இருந்தது. மெதுவாகப் போகிறவர், நடுத்தரம், வேகமாகப் போகிறவர். நடுத்தரத்தில் புள்ளடி போட்டிருந்தால் பிடி அதே ஒரு படி இறங்கியிருக்கும், ஒருவருக்கும் ஒன்றும் தெரிந்திராது. மானம் விடவில்லை. மூன்றாவதில் போட்டேன். பிறகு வயது.

மனைவி என் தோளுக்குப் பக்கத்தில் இருந்தபடி, வீட்டிலிருந்து கொண்டுவந்த வடையைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். நாற்பத்தாறு என்று எழுதினேன். கை பழக்கத்தில் எழுதிவிட்டது என்று சொல்லலாம், ஆனால் அது பொய். தெரிந்துகொண்டுதான் எழுதினேன். முழங்காலா மானமா என்று வந்த இடத்தில் முழங்காலை விட்டுக்கொடுத்தேன்.

"நீங்கள் சப்பாத்தைப் போடுங்கோ, நான் உந்தக் கடதாசியைக் குடுத்துவிடுறன்" என்று மனைவி படிவத்தை வாங்கிக்கொண்டு போனாள்.

முதலில் ஒடுக்கமானது. நல்ல உளி மாதிரி, வைத்த இடத்தில் வெட்டியது. கெட்டிப் பனிக்கு அதை அடிக்க ஆளில்லை. இரண்டாவது அகலமானது. ஒரு பக்க விளிம்பிலிருந்து மற்றப் பக்கத்துக்கு மாற்றுவதற்குள் ஒரு தேவாரம் பாடி முடிக்கலாம். உண்மையான மலையில், முழங்கால் அளவு பனியில் இதன் குணம் வேறு என்று அந்தப் பெண் சொன்னாள், நம்புகிறேன், ஆனால் எனக்கு வருடத்தில் அப்படி ஒரு நாள்தான் வாய்க்கும். மூன்றாவதை மாட்டிக்கொண்டு முதல் திருப்பத்தை எடுத்தவுடனேயே தெரிந்துவிட்டது. நான் நினைப்பதற்கு முன்பே அது திரும்பியது. மரத்தின் உயிர் காலுக்குள் வந்தது. சின்னப்பிள்ளை மாதிரி ஐந்து தரம், ஆறு தரம் ஏறி இறங்கினேன். முதல் இரண்டு தரமும் பயந்து பயந்துதான் இறங்கினேன், பிறகு பயம் மறந்துபோனது.

கடைசித் தரம் மனைவி கண்ணாடிக்குப் பக்கத்தில் எழும்பி நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குக் கொழுப்பு. காட்டுவோம் என்று மேலிருந்து நேராக விட்டேன். சரிவு முடிந்து மட்டமாகிற இடத்தில் பனி குவிந்து கட்டிபட்டிருந்தது. இடது ஸ்கீயின் விளிம்பு அதில் குத்திக்கொண்டது. உடம்பு முன்னே போனது, கால் பின்னே நின்றது. முழங்கால் உள்பக்கமாகத் திரும்பத் தொடங்கியது. அந்த வலி எனக்குப் பழக்கமானது, அது எங்கே போய் முடியும் என்றும் தெரியும். முருகா, முடிந்தது என்று நினைத்தேன். டக் என்று சத்தம் கேட்டது. ஸ்கீ கழன்று ஒரு பக்கம் போனது, நான் வயிற்றில் சறுக்கிக்கொண்டு கண்ணாடி வரைக்கும் வந்தேன்.

கொஞ்ச நேரம் அப்படியே கிடந்தேன். காலை மடக்கினேன், மடங்கியது. நீட்டினேன், நீண்டது. எழும்பி நின்றேன். ஒன்றும் இல்லை. வேறு ஒருவனாக இருந்தால் அந்த இடத்தில் கும்பிட்டிருப்பான். எனக்கு வந்தது கோபம். இறுக்கி வைத்த பிடி எப்படிக் கழலலாம்? நாற்பத்தாறு வயதுக்குப் பூட்டிய பிடி இப்படிக் கழன்றால் அது பழுது. மலையில், ஒரு பள்ளத்தின் ஓரத்தில் இப்படிக் கழன்றால் ஆளின் கதை முடிந்தது. ஸ்கீயைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நொண்டாமல் நேரே மேசைக்குப் போனேன்.

"ஆனைக்கும் அடி சறுக்குமாம். வந்து இருந்து தேத்தண்ணியைக் குடியுங்கோ" என்றாள் மனைவி. அவள் முகம் வெளுத்திருந்தது. நான் அவளைக் கவனிக்கவில்லை.

"இது பழுது" என்று ஆங்கிலத்தில் சத்தம் போட்டேன். "நல்ல ஸ்கீ செய்துவிட்டு, பிடியைச் சரியாகப் பூட்டத் தெரியாதா? இவ்வளவு லேசாகக் கழலக்கூடாது. என்னிடம் கதை விட வேண்டாம், முப்பது வருடம் ஓடுகிறேன்."

பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பெண்ணுக்கு முகம் சிவந்துவிட்டது, ஆனால் மறுத்துப் பேசவில்லை. ஸ்கீயை வாங்கி, பிடியில் இருந்த இலக்கத்தைப் பார்த்தாள். தம்பியிடம் படிவத்தைக் கேட்டாள். அட்டவணையில் விரலை வைத்து ஒவ்வொன்றாக வாசித்தாள்.

"சரியாகத்தானே இருக்கிறது. எழுபத்தாறு கிலோ, வேகமாக ஓடுகிறவர், ஐம்பத்துமூன்று வயது."

நான் தப்பாகக் கேட்டேன் என்று நினைத்தேன். படிவத்தை என் பக்கம் திருப்பினாள். நான் எழுதிய நாற்பத்தாறின் மேல் ஒரு கோடு. அதற்கு மேலே, தலை தட்டையான அந்த மூன்றும், பக்கத்தில் ஐந்தும். இருபத்தொரு வருடமாக மனைவியின் சாமான் லிஸ்ட்டில் பார்க்கிற மூன்று. வேகத்துக்கு நான் போட்ட புள்ளடியை மட்டும் அவள் தொடவில்லை.

அந்த நேரத்தில் மனிதன் என்ன செய்வான்? மறுப்பான், சிரிப்பான், இது வேறு யாரோ எழுதியது என்பான். நான் திரும்பி மனைவியிடம் தமிழில் பாய்ந்தேன்.

"ஆர் சொன்னது அம்பத்திமூண்டு எண்டு? எனக்கு அம்பத்திரண்டுதான்!"

சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது என்ன என்று எனக்கு விளங்கியது.

மனைவி கோப்பையைக் கீழே வைத்தாள்.

"அம்பத்திமூண்டு" என்றாள். "பாஸ்போர்ட்டில மார்கழி. நீங்கள் பிறந்தது பங்குனி. பங்குனியில உங்களுக்கு ஒரு வயசு கூடிடும், பாஸ்போர்ட்டுக்கு மார்கழியிலதான் கூடும், இடையில ஏழைக் கூட்டோணும். நீங்கள் எப்பவும் ஆறைத்தான் கூட்டுறியள் போல."

நான் கதிரையில் இருந்துவிட்டேன். அக்காவும் தம்பியும் ஒன்றும் விளங்காமல், ஆனால் ஏதோ பெரிதாக நடந்துவிட்டது என்று விளங்கி, ஸ்கீயைத் துடைக்கத் தொடங்கினார்கள்.

"எப்ப இருந்து தெரியும்?"

"கலியாணத்துக்கு முன்னமே. உங்கட அம்மா, மாமி, உண்மைச் சாதகத்தைத்தான் தந்துவிட்டவ. சாதகத்தில பொய் எழுதிப் பிள்ளையை அனுப்பமாட்டன் எண்டு என்ர அம்மாவிட்டச் சொன்னவவாம். அவனுக்குத் தெரிய வேண்டாம், வெக்கப்படுவான் எண்டும் சொன்னவ." வடைத் துண்டைத் தட்டில் ஒதுக்கினாள். "பங்குனியில உங்கட ரோகிணி நட்சத்திரம் பாத்து ஆர்ச்வேக்குப் போறது ஆருக்கெண்டு நினைச்சனீங்கள்?"

அன்று போனில் அம்மா பார்க்கிறேன் என்றது இதைத்தான். யாரை வெகுளி என்று இவ்வளவு காலம் நினைத்திருந்தேனோ, அவள் சுண்ணாம்புத் தண்ணீர் கதை சொல்லி என்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்திருக்கிறாள்.

"முழுப் பூசணிக்காயைச் சோத்துக்க மறைக்கிற ஆளை இப்பதான் பாக்கிறன். அதுவும் இருபத்தொரு வருசம்" என்றாள். சிரிக்கத்தான் பார்த்தாள், சரியாக வரவில்லை.

"தெரிஞ்சுகொண்டு ஏன் ஒண்டும் கேக்கேல்ல?"

"கேட்டால் நீங்களாச் சொன்ன மாதிரி இராது. நான் உங்களைப் பிடிச்ச மாதிரி இருக்கும்."

"பிறகு இண்டைக்கு மட்டும் ஏன்?"

"இண்டைக்கு முழங்கால்" என்றாள். "என்னட்டைச் சொல்லுற பொய்யை நான் தாங்குவன். உந்தச் சாமானுக்குத் தாங்கத் தெரியாதே."

அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டேன். உங்கள் பிடி சரி, என் மூளைதான் பழுது என்றேன். அவள் பரவாயில்லை என்றாள், முழங்காலைப் பற்றித்தான் இரண்டு தரம் கேட்டாள். நடுவில் உள்ள அகலத்துக்கு ஓடர் கொடுத்தேன். அதற்கும் ஒரு படிவம், அதிலும் வயது. பேனையை வாங்கி ஐம்பத்துமூன்று என்று எழுதினேன். முப்பது வருடத்தில் என் கை உண்மை வயதை எழுதியது அதுதான் முதல் தரம். ஐந்து கோணலாக விழுந்தது.

திரும்பி வரும்போது வானை நான்தான் ஓட்டினேன். மோட்டார்வேயில் ஏறியதும் எனக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"மார்கழியில கேக்கில நாப்பத்துநாலு எண்டு மெழுகுதிரி குத்தினனீர். அப்ப என்ன நினைச்சனீர்?"

அவள் வெளியே பார்த்துக்கொண்டு சொன்னாள். "ஒவ்வொரு வருசமும் நீங்கள் கண்ணை மூடிக்கொண்டுதான் ஊதுவியள். கண்ணைத் திறந்தவுடன சொல்லப்போறார் எண்டு நினைப்பன். நீங்கள் கேக்கை வெட்டுவியள்."

வண்டி நிறுத்தி இளைப்பாறுகிற அடுத்த சேர்விஸ் வந்தவுடன் வானை உள்ளே விட்டு நிறுத்தினேன். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இருந்தேன். கண்ணும் மூக்கும் ஓடத் தொடங்கிவிட்டது. அவள் கைப்பையிலிருந்து டிசுவை எடுத்து நீட்டினாள்.

"குளிர்" என்றேன்.

வானுக்குள் ஹீட்டர் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

"ஓம்," என்றாள், "சரியான குளிர்தான்."